சங்குக்கும் சங்குக்கும் இடையே

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30 நெருங்கும்போது மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து மாநிலங்களுக்கு ஒரு கடிதம் போகும். காந்தி சுடப்பட்ட நாளில் காலை 11 மணிக்கு நாடு முழுவதும் வேலையையும் நடமாட்டத்தையும் நிறுத்தி இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். மௌனத்தை எப்படிக் காப்பது என்று சொல்லும் இடத்தில் அந்தக் கடிதம் காட்டும் துல்லியம் வியப்பூட்டும். 10.59-க்குச் சங்கு ஊதத் தொடங்க வேண்டும், 11.00-க்கு நிற்க வேண்டும். 11.02 முதல் 11.03 வரை மறுபடியும் சங்கு. ஒரு நிமிடம் ஒலி, இரண்டு நிமிடம் ஒலியின்மை, ஒரு நிமிடம் ஒலி. ஆக மொத்தம் நான்கு நிமிடம். அரசு அலுவலகத்தில் தட்டச்சான தாள் என்பதை மறந்துவிட்டுப் படித்தால், இது யாரோ ஓர் இசையமைப்பாளர் எழுதிவைத்த குறிப்பு.

இந்த வழக்கத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. முதல் உலகப் போரின்போது 1918-இல் கேப் டவுனில் நண்பகல் பீரங்கிச் சத்தத்தை அடையாளமாக வைத்து ஊரே நின்று இறந்தவர்களை நினைத்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வேண்டுகோளின்படி அது இரண்டு நிமிட மௌனமாகப் பேரரசு முழுவதும் பரவியது. அங்கும் மௌனத்தைத் திறந்து வைத்தது பீரங்கி. மூடி வைத்ததும் பீரங்கி.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் துல்லியம் விநோதமாகப் படாது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஷிப்ட் ஷிப்ட்டாகக் காலத்தை அறுத்துப் பயன்படுத்தும் ஊர் அது. 1980-இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை, அதே காலத்தில் டிவிஎஸ்ஸின் மொபெட், சில ஆண்டுகள் கழித்து டைட்டன் கைக்கடிகாரம் என்று வரிசையாக வந்தன. கர்நாடக எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். மௌனத்தைப் பற்றி எழுத ஏன் இவ்வளவு இரைச்சலான ஓர் ஊர் என்று கேட்கலாம். மௌனத்தை இசைப் படைப்பாக முன்வைத்த அந்தப் புகழ்பெற்ற முயற்சி முளைத்ததே தொழிற்சாலைச் சத்தத்தோடு நடந்த ஒரு சச்சரவில்தான். அதை மறந்துவிட்டு ஏதோ ஜென் தியானம்போல அதைப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

1952 ஆகஸ்ட் 29. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் ஊருக்கு அருகே, மரங்களுக்கு நடுவே மேவரிக் என்ற அரங்கம். கலைஞர் நல நிதிக்காக நடந்த கச்சேரி அது. பியானோ கலைஞர் டேவிட் டியூடர் வந்து உட்கார்ந்தார். விசைப்பலகையின் மூடியைச் சாத்தினார். நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 33 விநாடி சும்மா இருந்தார். மூடியைத் திறந்து மறுபடி சாத்தினார். இந்த முறை 2 நிமிடம் 40 விநாடி. மூன்றாவது முறை 1 நிமிடம் 20 விநாடி. கூட்டினால் 4 நிமிடம் 33 விநாடி. அதுவே படைப்பின் பெயருமாயிற்று. இயற்றியவர் ஜான் கேஜ். முதல் பகுதியில் வெளியே காற்று கேட்டது, இரண்டாவதில் கூரைமேல் தூறல் விழுந்தது, மூன்றாவதில் சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போன சத்தம் கேட்டது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அதற்கு முன்பும் ஒலியில்லாத படைப்புகள் இருந்தன. 1897-இல் அல்ஃபோன்ஸ் அலே என்ற பிரெஞ்சு நகைச்சுவை எழுத்தாளர், காது கேளாத ஒருவருக்கான சவ ஊர்வல இசை என்று சொல்லி வெற்றுத் தாளை அச்சிட்டார். 1919-இல் எர்வின் ஷுல்ஹாஃப் முழுக்க முழுக்க ஓய்வுக் குறிகளாலேயே ஒரு துண்டு எழுதினார். இரண்டும் தாளில் படித்துச் சிரிக்க வேண்டியவை. கேஜ் ஆட்களை உட்கார வைத்தார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேறுபாடு.

நான்கு ஆண்டுகள் முன்னே போகலாம். 1948 பிப்ரவரியில் வாஸர் கல்லூரியில் பேசிய ஓர் உரையில், இடையறாத மௌனத்தால் ஆன ஒரு துண்டை இயற்றி மியூசாக் நிறுவனத்துக்கு விற்க ஆசை என்று கேஜ் சொன்னார். அதற்கு மௌனப் பிரார்த்தனை என்று பெயர்கூட யோசித்து வைத்திருந்தார். நீளம் மூன்று நிமிடம், அல்லது நாலரை நிமிடம். இந்த அளவுகள் அவர் கற்பனை அல்ல. அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் விடிய விடிய மேடையில் பாடியதை மூன்றே நிமிடத்தில் முடித்துக்கொண்டு எழுந்தது இதே தட்டின் நிர்ப்பந்தத்தால்தான். நாலரை நிமிடம் என்றால் 270 விநாடி. 1952-இல் வந்தது 273. தற்செயல் முறையில் சிறுசிறு கால அளவுகளைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் அந்த நீளம் கிடைத்தது என்று அவர் சொல்லியிருந்தாலும், சந்தைச் சரக்கின் அளவு அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணாமல் இருக்க முடியாது.

மியூசாக் என்ன செய்தது? 1934-இல் தொடங்கிய அந்த நிறுவனம் கம்பி வழியாக உணவகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் பின்னணி இசை விற்றது. போர்க்காலத்தில் அது உற்பத்திக் கருவியே ஆயிற்று. பிரிட்டனில் பிபிசி 1940 ஜூனில் 'வேலை செய்யும்போது இசை' என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கி, ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தினமும் ஒலிபரப்பியது. மியூசாக் இன்னும் ஒருபடி மேலே போய், பதினைந்து நிமிடத் தொகுதிக்குள் பாட்டுகளின் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போகும் முறையை வகுத்தது. தொகுதி முடிந்ததும் பதினைந்து நிமிடம் மௌனம். அந்த மௌனமும் விற்பனைப் பண்டம்தான்; அது இல்லாவிட்டால் அடுத்த தொகுதி உறைக்காது. ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் பாடிய பாட்டில் வேகத்தைத் தீர்மானித்தது பாடுகிறவரின் மூச்சு. ஆலையில் அது தலைகீழானது: வேகத்தை வேறெங்கோ இருப்பவர் தீர்மானிக்க, மூச்சு அதற்குப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு தட்டின் அளவுக்கு ஒன்றுமே ஒலிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கேஜின் முதல் கேள்வி. மூடிய பியானோவும் மழைத் தூறலும் பிற்பாடு வந்தவை.

அந்தக் கேள்விக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு நேரடியானது. 1946-இல் அகமதாபாத் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் போனார். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் தங்கை. பக்வாஜ் வாசித்த முதல் பெண்களில் ஒருவர். மேற்கத்திய இசையின் தாக்கம் இந்தியாவுக்குள் நுழைவதைப் பார்த்து, அது என்னவென்று கற்றுக்கொள்வதற்காகவே போனார். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசையிலக்கணம் சொல்லிக் கொடுத்தார், அவர் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக் கொடுத்தார், காசு கைமாறவில்லை. இசை எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி மேலான ஒன்றுக்குத் தகுதியாக்கத்தான் என்று தம் ஆசிரியர் சொன்னதை அவர் சொன்னார். அந்தப் பதிலைக் கேஜ் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசாமி, அரிச்சந்திர நாடகத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஈழத் தமிழர். பாஸ்டன் கலைக்கூடத்தில் இருந்துகொண்டு குமாரசாமி எழுதிய நூல்கள் வழியாகத்தான் ஒன்பது சுவைகள் கேஜுக்கு அறிமுகமாயின. 1946-48-இல் இயற்றிய பியானோத் தொகுதியை அவர் அந்தச் சுவைகளை வைத்தே கட்டினார். ஒன்பதில் மற்ற எட்டும் சாய்ந்து வருவது சாந்தத்தை நோக்கி என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. கலை இயற்கையின் தோற்றத்தைப் போலச் செய்வதல்ல, அது இயங்கும் விதத்தைப் போலச் செய்வது என்ற கோட்பாட்டையும் குமாரசாமியிடமிருந்தே எடுத்தார். கதை அதோடு முடியவில்லை. 1964-இல் கேஜ் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுடன் இந்தியா வந்தார். 1969-இல் டேவிட் டியூடர், அதே பியானோ மூடியைச் சாத்தியவர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சபலம் வரும். தட்சிணாமூர்த்தி, தாயுமானவரின் மௌனகுரு, திருவண்ணாமலை ரமணர் என்று ஒரு வரிசையை நீட்டி, கேஜ் சொன்னதெல்லாம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது என்று முடித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குருவின் மௌனம் சொல்லைத் துறப்பது. அதற்கு நீளம் இல்லை, அளவு இல்லை. கேஜினுடையது விநாடிக் கணக்கோடு வருவது. நம்மிடம் அதற்கு இணை தேட வேண்டுமானால் மடத்தில் தேடக் கூடாது. தொடையில் தாளம் போடும் கையில் தேட வேண்டும்.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டில் ஓசை எழுவது மூன்றில்தான். மீதி ஐந்தும் ஓசையில்லாத செயல்கள். தாளத்தின் பத்துப் பிராணன்களைச் சொல்லும் இலக்கணம் இவற்றைச் சசப்தக் கிரியை, நிசப்தக் கிரியை என்று பிரித்து, இரண்டையுமே கிரியை என்றுதான் வைக்கிறது. கையை வீசாமல் விட்டால் மௌனம் வராது, தாளம்தான் தவறும். ஒலிக்காத எண்ணிக்கையையும் உடம்பு செய்து காட்ட வேண்டும். டியூடர் மூடியைச் சாத்தித் திறந்ததையும், கடிகாரத்தைப் பார்த்ததையும், ஒன்றும் எழுதியிராத தாளைப் புரட்டியதையும் நம்முடைய ஒரு மிருதங்கக்காரர் பார்த்திருந்தால் அதிர்ந்திருக்க மாட்டார். ஓசையில்லாத கிரியை என்று அடையாளம் கண்டுகொண்டிருப்பார். இது தாள இலக்கணத்தோடு நிற்பதுமல்ல. எழுத்தின் நீளமான மாத்திரையைத் தொல்காப்பியர் கண் இமைப்பதைக் கொண்டும் கை நொடிப்பதைக் கொண்டும் அளக்கிறார். ஒன்று சத்தமில்லாதது, மற்றது சத்தமுள்ளது. இரண்டுக்கும் ஒரே அளவு.

இன்னும் நுட்பமான இடம் எடுப்பு. தாளம் தொடங்கியபின் பாட்டு சற்றுப் பிந்தி எழுவது அனாகதம். தியாகராஜரின் பல கீர்த்தனைகள் ஒன்றரை எண்ணிக்கை கழித்துத்தான் எழும். அந்த ஒன்றரை எண்ணிக்கையில் பாடகர் வாய் திறப்பதில்லை, ஆனால் பாட்டு தொடங்கிவிட்டது. தெரிந்த ரசிகரின் கை அதற்குள் தொடைக்குப் போயிருக்கும். மோராவில் ஒரு சொற்கட்டு மூன்று முறை வரும்போது நடுவில் விடப்படும் கார்வையும் அப்படியே. கார்வை ஒரு இம்மி குறைந்தாலும் சமத்தில் வந்து விழ முடியாது. கேஜின் இன்னொரு படைப்பு ஜெர்மனியில் ஹால்பர்ஷ்டாட் ஊர்த் தேவாலயத்து ஆர்கனில், 639 ஆண்டுகள் நீடிக்கும்படி மிக மெதுவாக வாசிக்கப்பட்டு வருகிறது. 2001 செப்டம்பர் 5-இல் அது தொடங்கியது. முதல் குறி ஓய்வுக்குறி என்பதால், முதல் ஓசை கேட்டது பதினேழு மாதம் கழித்து, 2003 பிப்ரவரியில். இதைவிட நீளமான அனாகத எடுப்பு உலகத்தில் இல்லை.

கேட்பவர்களின் மௌனத்துக்கும் நம்மிடம் சாட்சி உண்டு. வீணை தனம்மாளின் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்புக்கு ஊரின் தேர்ந்த ரசிகர்கள் எல்லாம் வந்து உட்கார்வார்கள். ஒலிபெருக்கி இல்லை, மீட்டு அவ்வளவு மென்மை. சிறு சத்தத்தையும் அவர் பொறுக்க மாட்டார் என்பது அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் சொல்வது. வந்தவர்கள் சும்மா இருந்தது மரியாதைக்காக மட்டுமல்ல, அப்படி இராவிட்டால் பாட்டின் பாதி கிடைக்காது. ஆனால் கேஜ் வேண்டியது இதற்கு நேர் எதிர்த்திசை. தனம்மாள் வீட்டில் தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாது. மேவரிக்கில் உள்ளே வர வேண்டியதே அதுதான்.

ஓசூரில் வைத்து அந்தப் படைப்பைக் கேட்டால் எது உள்ளே வரும்? பல ஓசைகள் வரும். அவற்றுள் முதலாவது நம் காதுக்கு எட்டாதது. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் இங்கே செய்துவரும் குவார்ட்ஸ் கடிகாரங்களுக்குள் ஒரு படிகக் கவை விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு. முள் நகர்வது அதனால். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 என்பதால் அந்த அதிர்வு கேட்பதில்லை. டியூடர் அளந்த 273 விநாடியை ஓசூர்க் கடிகாரம் ஒன்றால் அளந்தால், அதற்குள் 89,45,664 அதிர்வுகள் நடந்து முடிந்திருக்கும். மௌனத்துக்கு இதைவிடச் சுறுசுறுப்பான தாளம் கிடைக்காது. (கடிகாரத்தை விற்க அந்த நிறுவனம் தேர்ந்தது மொட்சார்ட்டின் 25-ஆவது சிம்பனி, எல்லையோர ஊர் ஒன்றின் சரக்கு ஐரோப்பிய மெட்டோடு இந்திய வீடுகளுக்குள் போனது தனிக் கதை.)

காதுக்கு எட்டுபவற்றுக்குச் சட்டம் எண் வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. குடியிருப்பில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40. அரசின் அகராதியிலும் அமைதி என்பது பூஜ்யம் அல்ல, ஐம்பது. கேஜ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். சிக்கல் வேறிடத்தில். சிப்காட் சுவரை ஒட்டிக் குடியிருப்புகள் வளர்ந்த ஊரில், தொழிற்பகுதிக்கும் குடியிருப்புக்கும் இடையே பகலில் தாளில் இருபது டெசிபல் வித்தியாசம். ஆற்றல் கணக்கில் நூறு மடங்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் நூறு மடங்கு, இந்தப் பக்கம் ஒரு மடங்கு என்ற விதி காற்றுக்குத் தெரியாது.

ஆலைக்குள் மௌனத்தின் பொருளே மாறிவிடுகிறது. லைன் ஓடும் வரை சத்தம் இருக்கும். சத்தம் நின்றால் பிரேக்டவுன், அல்லது கரண்ட் போயிருக்கிறது. அனுபவப்பட்ட ஆபரேட்டர் சத்தத்தைக் கேட்பதில்லை, சத்தம் மாறுவதைக் கேட்கிறார். டூல் மழுங்கியதும் பேரிங் தேய்ந்ததும் அவருக்கு மீட்டர் காட்டுவதற்கு முன்பே தெரியும். 2004 ஜனவரியில் பிபிசி சிம்பனி இசைக்குழு லண்டனில் 4′33″ நிகழ்த்தி, வானொலியிலும் நேரடியாக ஒலிபரப்பியபோது, ஒலிபரப்பு நின்றுபோனால் தானாக ஓடும் அவசர ஏற்பாட்டை முன்கூட்டியே அணைத்து வைக்க வேண்டியிருந்தது. வானொலிக்கும் லைனுக்கும் மௌனம் ஒரே அர்த்தம்: கோளாறு. அந்த அர்த்தத்தை நாலரை நிமிடத்துக்கு ரத்து செய்ய வேண்டுமானால் யாராவது ஒருவர் சுவிட்சை அணைக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். மேவரிக்கில் அந்தப் பிரச்சினை எழவில்லை. அங்கே யாரும் ஷிப்டில் இல்லை.

மௌனம் பழக்கத்தின் விஷயம் என்பதை இந்தப் பக்கத்துக் கலைப்படைப்பு ஒன்று கேஜைவிட எளிதாகக் காட்டியது. 1987-இல் சிங்கீதம் ஸ்ரீநிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் நடித்து, பெங்களூரில் படமாக்கப்பட்ட வசனமே இல்லாத படம்: தமிழில் 'பேசும் படம்', கன்னடத்தில் 'புஷ்பக விமானா', இந்தியில் 'புஷ்பக்'. எல். வைத்தியநாதன் இசை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே பஸ்ஸில் பேசப்படும் ஓசூர்ப் பகுதிக்கென்றே எடுத்ததுபோல, மொழிமாற்றம் வேண்டாத படம். வேலையில்லாத பட்டதாரி நாயகன் குடியிருப்பது ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில். ராத்திரி முழுவதும் சண்டைக் காட்சிகளின் சத்தம். திருட்டுத்தனமாக நட்சத்திர ஓட்டலுக்குக் குடிபோனதும் அந்த நிசப்தத்தில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். அரங்கம் சிரித்த காட்சி அது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவருக்கு அதில் சிரிக்க எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை.

2020 மார்ச் 25-இல் முதல் ஊரடங்கு தொடங்கியபோது சிப்காட்டும் நின்றது. உலகம் முழுக்க மனித நடமாட்டத்தால் நிலம் அதிர்வது பாதி வரை குறைந்தது என்று நிலநடுக்க மானிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பறவைச் சத்தம் கேட்கிறது என்று நகரத்தார் மகிழ்ந்து எழுதினார்கள். சம்பளம் வருமா என்று தெரியாமல் அறையில் கிடந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே பறவை கேட்டிருக்கும். அதைப் படைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு இரண்டாவது சங்கு எப்போது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கேஜின் புகழ்பெற்ற அனுபவம் ஒன்று இங்கே முக்கியமாகிறது. 1951-இல் ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் போனார். முழு மௌனத்தை எதிர்பார்த்தவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன: ஒன்று உச்சத்தில், ஒன்று கீழே. உச்சத்தில் கேட்டது நரம்பு மண்டலம், கீழே கேட்டது ரத்த ஓட்டம் என்று பொறியாளர் சொன்னாராம். மௌனம் என்று ஒன்றில்லை என்ற கேஜின் முடிவு அங்கே பிறந்தது. நரம்பு மண்டலம் வேலை செய்வது காதுக்குக் கேட்கக் கூடியதல்ல. அவர் கேட்டது காதிரைச்சலாகவே இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் பலர் சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டு இசையின் பெரிய தத்துவம் ஒன்று ஒருவரின் காதுக்கோளாறில் தொடங்கியிருக்கலாம் என்பதில் எனக்குச் சிறு திருப்தி உண்டு. அது தத்துவத்தைச் சிறுமைப்படுத்தவில்லை. காதுள்ளவர்களின் உலகத்துக்கு அதை இறக்கிவிடுகிறது.

ஓசூரிலும் அப்படி ஓர் அறை உண்டு, சற்றுச் சிறிய அளவில். இரைச்சலில் வேலை செய்பவர்களின் செவித்திறனைச் சோதிக்கும் பெட்டி. தொழிலாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்காருவார், கதவு மூடும். மெல்லிய ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சோதனைக்கு முன்பே பல மணி நேரம் இரைச்சலிலிருந்து விலகி இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர் கேட்பது ஒன்றுமில்லாததை. இவ்வளவு கவனமாக மௌனத்தைக் கேட்பவரை எந்தக் கச்சேரி அரங்கிலும் பார்க்க முடியாது. தவறினால் போவது வேலை.

தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்தன. ஐந்து கூடினால் நேரம் பாதியாகும்: 95 என்றால் நான்கு மணி, 100 என்றால் இரண்டு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது. உட்செவியின் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும். பேச்சு பெரும்பாலும் கேட்கும், 'ச'வும் 'ஸ்'ஸும் மட்டும் மங்கும். வீட்டில் டிவியின் சத்தம் கூடும். காது அடைத்த மாதிரி இருக்கிறது, காது இரைகிறது என்று சொல்வார்கள், ஷிப்ட் முடிந்தபின்.

தளி சாலையிலோ தேன்கனிக்கோட்டைப் பக்கமோ இரவில் 4′33″ நிகழ்த்தினால், பெரும்பாலோர்க்கு அதன் முதன்மைப் பாத்திரம் சிள்வண்டும் சுவர்க்கோழியும். அவற்றின் ஒலி பெரும்பாலும் நாலாயிரம், ஐயாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டியது. பிரஸ் ஷாப்பில் இருபது ஆண்டு நின்றவருக்கு அதே இரவு வேறு படைப்பு. வண்டு இல்லை; அந்த இடத்தில் அவர் காதே எழுப்பும் இரைச்சல். கேஜ் ஹார்வர்டில் ஒருமுறை கேட்டதை இவர் தினமும் கேட்கிறார், எந்தத் தத்துவமும் கிடைக்காமல். 4′33″ பற்றி எழுதப்பட்டவை எல்லாம் காதைத் திறந்து வைத்தால் போதும் என்கின்றன. திறந்து வைப்பதற்கு என்ன காது மிச்சமிருக்கிறது என்பது கேள்வியாக எழுவதில்லை. மௌனத்தைக் கேட்பது ஒரு திறமை மட்டுமல்ல, சொத்து. அதை ஷிப்டுக்கு ஷிப்ட் செலவழித்தவர்கள் உண்டு.

இப்போது அதே மண்டலம் மௌனத்தையே சரக்காக்கி அனுப்புகிறது. டிவிஎஸ்ஸின் ஐக்யூப், ஏத்தர் ஸ்கூட்டர்கள் ஓசூரிலிருந்தும், ஓலா ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளியிலிருந்தும் போகின்றன. எஞ்சின் இல்லாததால் மெதுவாக வரும்போது வண்டி வருவதே தெரிவதில்லை. கார், பஸ், லாரி விஷயத்தில் உலகம் இதற்கு ஒரு வழி வகுத்துவிட்டது: ஐ.நா.வின் 138-ஆம் விதி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை மின்வண்டி செயற்கையாக ஓர் ஒலி எழுப்ப வேண்டும் என்கிறது. அந்த ஒலியை இசையமைப்பாளர்களை வைத்து உருவாக்கும் நிறுவனங்களும் உண்டு. இருசக்கர வண்டிகள் அந்த விதிக்குள் வரவில்லை. ஓசூர் வண்டிகளுக்கும் அப்படி ஒரு ஒலி எழுத வேண்டிய நாள் வந்தால், அதை எழுதுகிறவர் அந்த விதியின் ஒரு சிறு நிபந்தனையைப் படித்துவிட்டு உட்கார வேண்டும். ஒலி குறைந்தது இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்கிறது அது. உச்ச ஸ்தாயியை இழந்த காதுகளுக்கும் வண்டி வருவது தெரிய வேண்டுமே. கேஜின் தாளில் இல்லாத கேட்பவர் அந்த நிபந்தனையில் இருக்கிறார்.